மொட்டை டயருக்கு எங்கிருந்து வந்தது இந்தப் பிடி?

மழை நாளில் வெள்ளவத்தைப் பக்கம் காலி வீதியில் பொலிஸார் வாகனத்தை மறித்தால், லைசன்ஸையும் இன்சூரன்ஸையும் பார்த்துவிட்டு அடுத்ததாகக் குனிந்து பார்ப்பது டயரைத்தான். பள்ளம் தேய்ந்து வழுவழுவென்று இருந்தால் ஓட்டோக்காரர் என்ன சமாதானம் சொன்னாலும் தப்புவது கஷ்டம். நியாயமும் அதுதான். ஆனால் அதே காலி வீதியைப் பிடித்துத் தெற்கே ஏறத்தாழ 40 கிலோமீற்றர் போய், களுத்துறையைத் தாண்டிக் கட்டுக்குருந்தவில் இறங்கி, அங்கே கார் பந்தயம் ஓடுகிறவர்களிடம் நல்ல டயர் எது என்று கேட்டுப் பாருங்கள். உலர்ந்த தரையில் பள்ளமே இல்லாத டயர்தான் என்பார்கள். ‘ஸ்லிக்’ என்று அதற்குப் பெயர். தேய்ந்து மொட்டையானதல்ல, தொழிற்சாலையில் பிறக்கும்போதே மொட்டை. சாதாரண டயரைவிட விலையும் கூட.

ஒரே வீதியின் ஓரிடத்தில் குற்றமாக இருப்பது இன்னோரிடத்தில் எப்படித் தகுதியானது? பந்தயக் காரைப் பற்றி நாம் நினைத்துவைத்திருக்கும் பலவற்றை இந்தக் கேள்வி தலைகீழாக்கிவிடும்.

முதலில் இடத்தைப் பற்றிக் கொஞ்சம். கட்டுக்குருந்த ஓடுதளம் பந்தயத்துக்கென்று போட்டதல்ல. இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானியக் கடற்படை தன் விமானங்களுக்காக அமைத்த தளம் அது. தரையிலிருக்கும் தளத்துக்கும் கப்பலைப் போலப் பெயர் வைப்பது கடற்படையின் வழக்கம் என்பதால் ‘எச்.எம்.எஸ். உக்குஸ்ஸா’ என்று பெயரிட்டார்கள். உக்குஸ்ஸா என்றால் சிங்களத்தில் பருந்து. போர் முடிந்தபின் இப்படி ஆளில்லாமல் கிடந்த ஓடுதளங்களை உலகமெங்கும் பந்தயக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் நடந்ததும் அதுதான். 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் தனித் தடம் வரும்வரை தென்னிந்தியப் பந்தயத்தின் தாய்வீடு அந்தப் போர்க்கால ஓடுதளமே. இலங்கையிலிருந்தும் அங்கே போய் ஓட்டினார்கள். இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோனும் 1948இல் பந்தயம் தொடங்குவதற்கு முன் குண்டுவீச்சு விமானங்களின் தளமாக இருந்ததுதான். ஓடுதளத்தில் மரம் இல்லை, விளக்குக் கம்பம் இல்லை, மதில் இல்லை. சறுக்கினாலும் மோதுவதற்கு ஒன்றுமில்லாத நிலம் பந்தயத்துக்குப் பெரிய சொத்து.

இங்கே ஓட்டுகிறவர்களில் பெரும்பாலானோர் கிழமை நாட்களில் கந்தோருக்கோ கடைக்கோ போய்வருகிறவர்கள். பழைய ஃபோர்ட் லேசர், மஸ்டா, நிஸான் மார்ச், ஹொண்டா என்று வீதியில் ஓடிக் களைத்த கார்களை வாங்கி, பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகம் தேடி, கராஜில் பாஸுடன் இரவிரவாக நின்று பந்தயத்துக்குத் தயாராக்குகிறார்கள். புதிதாக வருகிறவர் காசை முதலில் கொட்டுவது இயந்திரத்தில். நேர்ப்பாதையில் அது சீறிக்கொண்டு போகும். வளைவு வந்ததும், பாதி வலுக்கூட இல்லாத சின்னக் கார் ஒன்று உட்பக்கமாகப் புகுந்து போய்விடும். அதன் பிறகுதான் அவருடைய கண் டயர்ப் பக்கம் திரும்புகிறது.

இயந்திரம் சக்கரத்தைச் சுற்றுகிறது, அவ்வளவுதான். காரை முன்னே தள்ளுவது தரை. நிறுத்துவதும் தரை, திருப்புவதும் தரை. தரைக்கும் காருக்கும் உள்ள தொடர்பு எவ்வளவு பெரியது என்று ஒரு கணக்குப் போடலாம். 1,200 கிலோ எடையுள்ள காரில் ஒவ்வொரு டயருக்கும் ஏறக்குறைய 300 கிலோ விழும். டயருக்குள் இருக்கும் காற்று ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ 2 கிலோ தாங்குகிறது. ஆகவே தரையைத் தொடுவது 150 சதுர சென்ரிமீற்றர், அதாவது விரித்த உள்ளங்கை அளவு. மணிக்கு 150 கிலோமீற்றரில் பறக்கும் காரின் தலைவிதி நாலு உள்ளங்கை இறப்பரில் இருக்கிறது.

பாடசாலையில் உராய்வைப் பற்றிப் படித்தவர்களுக்கு இங்கே ஒரு சந்தேகம் வரவேண்டும். உராய்வு அழுத்தும் பாரத்தைப் பொறுத்தது, தொடும் பரப்பைப் பொறுத்ததல்ல என்றுதானே படித்தோம்? 1699இல் பிரான்சின் அமொந்தோன் சொன்ன விதி அது. மரத்துக்கும் இரும்புக்கும் அது ஓரளவு சரி. அந்த விதிப்படி அகலமான டயரால் ஒரு நன்மையும் இருக்கக் கூடாது. பள்ளம் இருந்தாலென்ன, இல்லாவிட்டாலென்ன. ஆனால் இறப்பர் அந்த விதிக்குக் கட்டுப்படுவதில்லை. பாரத்தை இரண்டு மடங்காக்கினால் அதன் பிடி இரண்டு மடங்குக்குச் சற்றுக் குறைவாகவே கூடுகிறது. அதே பாரத்தை அதிகப் பரப்பில் பரப்பிவிட்டால் பிடி கூடுகிறது.

ஏன் என்பதற்குத் தெளிவான பதில் 1963இல் வந்தது. இங்கிலாந்தின் வெல்வின் கார்டன் சிற்றியில் இயற்கை இறப்பர் உற்பத்தியாளர்களுக்கென்று இருந்த ஆய்வு நிலையத்தில் கே. ஏ. குரோஷ் என்பவர் செய்த சோதனை அது. இறப்பர்த் துண்டுகளைக் கண்ணாடியின் மேலும், உப்புக்காகிதம் போன்ற சொரசொரப்பான தாளின் மேலும் இழுத்து, இழுக்கத் தேவைப்பட்ட விசையை அளந்தார். சாதாரணமாகத் தோன்றும் இந்தச் சோதனையில் அவர் காட்டிய நிதானம்தான் பெரிது. வேகமாகத் தேய்த்தால் இறப்பர் சூடேறும். சூடேறினால் அதன் குணமே மாறிவிடும். பிறகு மாற்றம் வேகத்தால் வந்ததா சூட்டால் வந்ததா என்று பிரிக்க முடியாது. அதனால் சூடு பிறக்காத அளவுக்கு மிக மெதுவாக இழுத்தார். வெப்பநிலையை வெளியிலிருந்து தானே கூட்டிக் குறைத்து, ஒவ்வொரு வெப்பநிலையிலும் திரும்பத் திரும்ப அளந்தார்.

அளவுகளை வரைந்து பார்த்தபோது இரண்டு தனித்தனி மேடுகள் தெரிந்தன. கண்ணாடியில் ஒரு வேகத்தில் உராய்வு உச்சம் தொட்டது. சொரசொரப்பான தாளில் வேறொரு வேகத்தில் தொட்டது. தாளின் மேல் மென்மையான மக்னீசியாத் தூளைத் தூவி, இறப்பர் நேராக ஒட்டுவதைத் தடுத்தபோது ஒரு பங்கு உராய்வு மறைந்தது, மற்றப் பங்கு அப்படியே நின்றது. ஆக, இறப்பர் தரையை இரண்டு வழிகளில் பிடிக்கிறது.

ஒன்று ஒட்டற்பண்பு. இறப்பரின் மூலக்கூறுகள் தரையின் மேற்பரப்போடு கணநேரம் ஒட்டி, இழுபட்டு, அறுந்து, மறுபடி ஒட்டுகின்றன. சுத்தமான, உலர்ந்த தரையில்தான் இது நன்றாக நடக்கும். தூசியோ தண்ணீரோ இடையில் வந்தால் முதலில் போவது இதுதான்.

மற்றது நுட்பமானது. தார்ச் சாலையின் மேற்பரப்பு சின்னச் சின்னக் கல்முனைகளால் ஆனது. டயர் அதன்மேல் இலேசாகச் சறுக்கும்போது ஒவ்வொரு முனையும் இறப்பருக்குள் புதைந்து புதைந்து போகிறது. இறப்பர் உடனே பழைய வடிவத்துக்குத் திரும்பினால், கல்லின் முன்பக்கத்தை எவ்வளவு தள்ளியதோ அவ்வளவு பின்பக்கத்தையும் தள்ளிவிடும், கணக்கு நேராகிவிடும். ஆனால் அது தாமதித்தே திரும்புகிறது. கல்லின் முன்னால் அழுத்தம் கூட, பின்னால் அழுத்தம் குறைய, அந்த வித்தியாசமே பிடியாகிறது. இந்தத் தாமதத்தைப் ‘பின்னடைவு’ என்று சொல்லலாம். சிறுவர்கள் விளையாடும் துள்ளுபந்து தரையில் பட்டதும் எகிறும், ஏனென்றால் அதில் பின்னடைவு குறைவு. பந்தய டயரில் வெட்டிய துண்டு கீழே விழுந்தால் செத்ததுபோல் கிடக்கும். விழுந்த சக்தி முழுவதும் உள்ளுக்குள் வெப்பமாகிவிடுகிறது. அந்த வெப்பமே நாம் பிடிக்குக் கொடுக்கும் விலை. வீதி டயர் 40,000 கிலோமீற்றர் உழைக்க வேண்டும், பெற்றோலையும் மிச்சப்படுத்த வேண்டும். அதனால் அதற்கு இந்த விலையை அவ்வளவாகக் கொடுக்க முடியாது. பந்தய டயருக்கு அந்தக் கவலையில்லை. ஒரு நாளில் தேய்ந்து முடிந்தாலும் பரவாயில்லை.

குரோஷின் சோதனை இன்னொன்றையும் காட்டியது. இறப்பருக்கு வேகமும் வெப்பமும் ஒரே நாணயத்தின் இரு பக்கங்கள். வேகத்தைக் கூட்டுவதும் குளிரவைப்பதும் அதன்மேல் ஒரேவிதமாக வேலை செய்கின்றன. அதனால் ஒவ்வொரு இறப்பர்க் கலவைக்கும் நன்றாகப் பிடிக்கும் வெப்ப எல்லை ஒன்று உண்டு. பந்தய ஸ்லிக் பலவற்றுக்கு அது 80 முதல் 100 பாகை செல்சியஸ் வரை. முதல் சுற்றில் கார்கள் பாம்புபோல் நெளிந்து நெளிந்து போவது டயரைச் சூடாக்கத்தான். சூடேறினால் உள்ளே காற்றழுத்தமும் ஏறும். காலையில் 30 பாகையில் 28 பி.எஸ்.ஐ. என்று காற்றடித்த டயர் 80 பாகையில் 35 காட்டும். அதனால்தான் அனுபவப்பட்டவர் ஓட முன்னர் வேண்டுமென்றே குறைத்து அடிக்கிறார், ஓடிவந்து நிறுத்தியதும் மானியைக் கையில் எடுக்கிறார்.

நுவரெலியாவில் 1934இல் தொடங்கிய மஹகஸ்தொட்ட மலையேற்றப் போட்டியில் கதை வேறு. தேயிலைத் தோட்டத்தின் ஒடுங்கிய பாதையில் ஒருவர் பின் ஒருவராக மேலே ஏற வேண்டும். போட்டி கடிகாரத்தோடு. சுற்றிச் சுற்றி வந்து டயரைச் சூடாக்க அங்கே இடமில்லை, குளிரும் கூட. கடற்கரைத் தடத்தில் வென்ற டயர் அங்கே கல்லுமாதிரி இறுகி நிற்கலாம். குளிரிலேயே பிடிக்கும் மென்மையான கலவைதான் அங்கே ராசா.

இனிப் பள்ளத்துக்கு வருவோம். மேலே சொன்ன இரண்டு வழியிலும் பள்ளத்துக்கு வேலையே இல்லை என்பதைக் கவனித்தீர்களா? உலர்ந்த தரையில் பள்ளம் இருக்குமிடம் தரையைத் தொடாத இடம், அதாவது வீணான இடம். போதாதற்கு, பள்ளங்களுக்கு நடுவே நிற்கும் இறப்பர்க் கட்டிகள் வளைவில் நெளிந்து அளவுக்கு மீறிச் சூடாகின்றன. பள்ளத்தை எடுத்துவிட்டால் உள்ளங்கை முழுதும் இறப்பர். ஸ்லிக்கின் இரகசியம் அவ்வளவுதான்.

பள்ளம் இருப்பது தண்ணீருக்காக. 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் நாசா ஆய்வாளர் வால்டர் ஹோர்னும் அவருடைய சகாக்களும், ஈரமான ஓடுதளத்தில் இறங்கும் விமானங்கள் ஏன் வழுக்கிப்போகின்றன என்று ஆராய்ந்தார்கள். குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் டயருக்கு முன்னால் தேங்கும் தண்ணீர் ஆப்புப்போல் உள்ளே நுழைந்து சக்கரத்தைத் தூக்கிவிடுகிறது. விமானம் முன்னே போய்க்கொண்டிருக்கும்போதே சக்கரம் சுற்றாமல் நின்றுவிடுவதைக்கூடச் சோதனைகளில் கண்டார்கள். இந்த நீர்மிதப்பு எந்த வேகத்தில் தொடங்கும் என்பதை டயரின் காற்றழுத்தத்தைக் கொண்டே கணக்கிடலாம் என்றும் காட்டினார்கள். கார் டயரில் வழக்கமாக இருக்கும் 30 அளவுக்கு அது மணிக்கு ஏறத்தாழ 90 கிலோமீற்றர். காற்றுக் குறைந்தால் இந்த வேகமும் குறையும். பள்ளம் செய்வது தண்ணீருக்கு ஓட வழி கொடுப்பது மட்டும்தான். ஃபோர்முலா 1 பந்தயத்தின் கனமழை டயர் மணிக்கு 300 கிலோமீற்றரில் செக்கனுக்கு 85 லீற்றர் தண்ணீரை ஒதுக்கித் தள்ளும். மழை தொடங்கியதும் பந்தயக் கார்கள் டயர் மாற்ற ஓடிவருவது இதனால்தான். கட்டுக்குருந்தவில் காலையில் வெயிலும் பின்னேரம் இடியும் மழையுமாக இருக்கும் நாட்களில், எந்த டயரைப் பூட்டுவது என்பதே பாதிப் பந்தயம்.

பிடி எங்கிருந்து வருகிறது என்று பார்த்தோம். அதைச் செலவழிப்பதில்தான் ஓட்டுநரின் திறமை. முளையில் கட்டிய ஆட்டை நினைத்துக்கொள்ளுங்கள். கயிறு எட்டும் மட்டும் எந்தப் பக்கமும் போய் மேயலாம். ஆனால் கிழக்கே கயிறு இறுகும்வரை போய்விட்டால், அங்கிருந்து வடக்கே ஓரடிகூட எடுத்துவைக்க முடியாது. கிழக்கைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால்தான் வடக்கே போகலாம். டயரும் அப்படியே. பிரேக் பிடிப்பது ஒரு திசை, வேகமெடுப்பது அதற்கு எதிர்த் திசை, திரும்புவது பக்கவாட்டு. முழுப் பலத்தோடு பிரேக் பிடித்திருக்கையில் ஸ்டியரிங்கைத் திருப்பினால் கார் திரும்பாமல் நேரே போகும், கயிற்றில் மிச்சமில்லை. இரண்டையும் சமமாகப் பங்கிட்டால் ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 70 சதவீதம் கிடைக்கும். பொறியியலாளர்கள் இதை உராய்வு வட்டம் என்கிறார்கள். புதியவர் பிரேக்கை முழுதாக விட்டபின் திருப்புகிறார், அது பாதுகாப்பான வழி. தேர்ந்தவர் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டபடியே ஸ்டியரிங்கை அதே அளவில் சேர்த்துக்கொண்டு போகிறார். கயிறு ஒரு கணமும் தளராமல் வட்டத்தின் விளிம்பிலேயே நடக்கும் ஆடு அவர். மழை, மணல், குளிர் எல்லாம் கயிற்றைக் குட்டையாக்கும். நல்ல இறப்பர் நீளமாக்கும். எவ்வளவு பெரிய இயந்திரமும் கயிற்றை ஓரங்குலம் நீட்டாது.

காரைத் திருப்பும் மையநாட்ட விசையும் இந்தக் கயிற்றிலிருந்தே வரவேண்டும். நல்ல டயரோடு 25 மீற்றர் ஆரையுள்ள வளைவை மணிக்கு 56 கிலோமீற்றரில் எடுக்க முடிந்தால், 100 மீற்றர் ஆரையுள்ளதை 113இல் எடுக்கலாம். ஆரை நாலு மடங்கானால் வேகம் இரண்டு மடங்கு. பந்தயக்காரர்கள் வளைவுக்கு முன் தடத்தின் வெளியோரம் போய், உள்ளோரத்தைத் தொட்டு, மறுபடி வெளியோரம் வருவதற்குக் காரணம் இதுதான். வளைவின் ஆரையைத் தங்கள் பாதையால் பெரிதாக்குகிறார்கள்.

இந்த உராய்வு வட்டத்தையெல்லாம் காருக்குப் பொருத்திப் பார்த்தவர்களில் முக்கியமானவர் ஒரு கத்துக்குட்டிப் பந்தயக்காரர் என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். அமெரிக்காவின் வில்லியம் மில்லிகன் விமானப் பொறியியலாளர். 1948இல் வாட்கின்ஸ் கிளென் என்ற ஊரின் முதல் பந்தயத்தில் தன் புகாட்டியைக் குடைசாய்த்தார். அந்த வளைவுக்கே மில்லிகன் வளைவு என்று பெயர் நிலைத்தது. விமானம் காற்றில் நிலையாகப் பறப்பதை ஆராயும் முறைகளை அவரும் சகாக்களும் காருக்குக் கொண்டுவந்தார்கள். மகனோடு சேர்ந்து அவர் எழுதிய பெருநூல் 1995இல் வெளிவந்தது, இன்றும் பந்தயப் பொறியியலாளர்களின் மேசையில் இருக்கிறது. 101 வயதுவரை வாழ்ந்தார். அவர் காலத்தில் பெரிய ஆய்வுக்கூடம் செய்த வேலையை இன்று சட்டைப்பையிலிருக்கும் கைத்தொலைபேசியே செய்கிறது. அதிலுள்ள முடுக்கமானியை ஓடவிட்டுத் தடத்தில் சில சுற்று ஓடிவந்து, புள்ளிகளைத் தாளில் இட்டுப் பாருங்கள். தேர்ந்தவருடைய புள்ளிகள் வட்டத்தின் விளிம்பில் மொய்த்திருக்கும். புதியவருடையவை சிலுவைபோல் இருக்கும்: பிரேக் தனி, திருப்பம் தனி.

ஸ்போர்ட்ஸ் கார் ஏன் தரையோடு தரையாகக் கிடக்கிறது என்பதற்கும் விடை இங்கேயே இருக்கிறது. வளைவில் காரின் பாரம் வெளிப்பக்க டயர்களுக்குச் சாய்கிறது. பாரம் கூடிய டயர் பெறுவதைவிடப் பாரம் குறைந்த டயர் இழப்பது அதிகம் என்பதால் மொத்தப் பிடி குறைந்துபோகும். புவியீர்ப்பு மையம் தாழ்ந்திருந்தால் சாய்வு குறையும், நாலு டயரும் பங்கிட்டு உழைக்கும். இதே காரணத்தால்தான் உயரமான வான் ஒன்றுக்கு எவ்வளவு நல்ல டயர் பூட்டினாலும் வளைவில் அது பந்தயக் காரோடு போட்டிபோட முடியாது.

நடிகர் அஜித் குமாரின் அணி 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் போட்டியில் தன் பிரிவில் மூன்றாவதாக வந்தபின், கொழும்புத் தமிழ் இளைஞர்கள் மத்தியிலும் பந்தயப் பேச்சுக் கூடியிருக்கிறது. சந்தோஷம்தான். ஆனால் அந்த ஆசையை இரவு பதினொரு மணிக்கு வெள்ளவத்தை மரைன் டிரைவில் தீர்த்துக்கொள்ளாதீர்கள். உலர்ந்த வீதியில் 60இல் வரும் கார் பிரேக் பிடித்தபின் நிற்க 18 மீற்றர் போதும். 120இல் வந்தால் 70 மீற்றர் வேண்டும். ஒருபுறம் ரயில் பாதையும் மறுபுறம் வீட்டு வாசல்களுமாக இருக்கும் தெருவில் அந்த 70 மீற்றருக்கு எங்கே போவது? ஆசை இருந்தால் கட்டுக்குருந்த இருக்கிறது, போட்டி நடத்தும் சங்கங்கள் இருக்கின்றன, ஹெல்மெட்டும் வைத்தியரும் மீட்புக் குழுவும் இருக்கும்.

பந்தயமே வேண்டாம், கந்தோருக்குப் போய்வந்தால் போதும் என்பவர்களுக்கும் ஒன்று. ஆசியாவின் முதல் இறப்பர்க் கன்றுகளில் ஏறத்தாழ 1,900 நடப்பட்டது 1876இல் நம்முடைய கம்பஹா, ஹெனரத்கொடைத் தோட்டத்தில்தான். ஒன்றரை நூற்றாண்டாக இறப்பரோடு வாழும் நாட்டில் டயரை வாங்கும்போது நாம் பள்ளத்தை மட்டும் பார்க்கிறோம். இறப்பருக்கு வயதும் உண்டு. காற்றிலுள்ள ஒட்சிசனும் ஓசோனும் ஓடாமல் நிற்கும் டயரையும் இறுக்கிவிடும். பள்ளம் புதிதுபோல் ஆழமாக இருக்கும், பிடி மட்டும் போயிருக்கும். டயரின் பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம் பொறித்திருப்பார்கள். முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் ஆண்டு. 2314 என்று இருந்தால் அது 2014ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது. அடுத்த மழைக்கு முன் உங்கள் நாலு டயரிலும், டிக்கிக்குள் கிடக்கும் ஐந்தாவதிலும், அந்த இலக்கத்தைத் தேடிப் பாருங்கள்.